சிறுபடங்களும் அவற்றின் உரிமமும்

எழுத்தறியாதவரோடும் பேசவல்லது படம். 1951–52ஆம் ஆண்டுகளில் நம் நாட்டின் முதற் பொதுத் தேர்தல் நடைபெற்றபோது, எழுதப் படிக்கத் தெரியாத கோடிக்கணக்கான மக்கள் வாக்களிக்க வேண்டியிருந்தது. வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி. பெட்டியின்மேல் ஒரு சின்னம். பெயரைப் படிக்கவியலாதவர் சின்னத்தைக் கண்டு வாக்குச் சீட்டை இட்டனர். அன்று தொடங்கிய வழக்கம் இன்றுவரை நம் தேர்தல்களில் நிலைத்து நிற்கிறது.

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வுண்மையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. தமிழில் நன்கு கற்றவரும் கொல்கத்தாவிலோ சூரத்திலோ கால் வைத்த முதல் நாளில் எழுத்தறியாதவரே ஆகின்றார். பேருந்தின் நெற்றியிலுள்ள பெயர் அவருக்குப் புலப்படுவதில்லை. ஆனால் மருந்துக் கடையின் குறியும், நீர்க்குழாயின் படமும், ஆண் பெண் உருவங்கள் வரைந்த கதவும் அவருக்கு உடனே விளங்கிவிடுகின்றன. இத்தகைய படங்களே இன்று கைப்பேசித் திரையிலும் குடியேறியுள்ளன. வீட்டின் படத்தைத் தொட்டால் முதற்பக்கம். பூதக்கண்ணாடியைத் தொட்டால் தேடல். கூடையைத் தொட்டால் வாங்கத் தேர்ந்த பொருள்களின் பட்டியல். ஆங்கிலத்தில் ஐகான் என வழங்கும் இவற்றைச் சிறுபடங்கள் என்று நாம் இங்குக் குறிப்போம்.

இச்சிறுபடங்களை எங்கிருந்து பெறுவது, எவ்வாறு பயன்படுத்துவது, அவற்றின் உரிமம் எத்தன்மையது என்பனவே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட பொருள். கணிப்பொறி வல்லுநர்க்கு மட்டும் உரிய செய்தி இது என்று எண்ணிவிடலாகாது. பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் சிறு தொழில் நடத்தும் தமிழர் பலர் தம் கடைக்கெனச் செயலி அமைக்கின்றனர். தமிழ்ச் சங்கங்களும் தம் உறுப்பினர்க்கெனச் செயலி அமைக்க முற்படலாம். பிறர் வரைந்த படத்தை உரிமையின்றி எடுத்து இட்டுவிட்டு, பின்னர் முழுச் செயலியையும் இழக்கும் நிலை அவர்களுக்கு நேரலாகாது என்பதே நம் கருத்து.

முதலில் இச்சிறுபடங்களின் பிறப்பை நோக்குவோம். 1981ஆம் ஆண்டு செராக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஸ்டார் என்னும் கணிப்பொறியில், கோப்பு, உறை, அச்சுப்பொறி முதலியன படங்களாகத் திரையில் தோன்றின. 1984இல் வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்குச் சூசன் கேர் என்னும் பெண்மணி கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு கட்டமாக நிரப்பிப் படங்களை வரைந்தார். 1999இல் ஜப்பானியர் ஷிகெடாகா குரிடா கைப்பேசிக்கென 176 சிறு உருவங்களை அமைத்தார். பக்கத்துக்கு 12 புள்ளிகளே கொண்ட சிறிய சதுரத்துக்குள் அவர் வரைந்த அவ்வுருவங்களை 2016இல் நியூயார்க் நகரத்து நவீனக் கலைக் காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு சிறந்த சான்று உண்டு. 2010ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள் மைய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியை அமைத்தவர் தமிழரான உதயகுமார். மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர் அவர். தேவநாகரி எழுத்தையும் ரோமன் எழுத்தையும் இணைத்து அவர் வரைந்த ஒரு குறி, இன்று நாட்டின் ஒவ்வொரு கைப்பேசியிலும் நிலவுகிறது. ஆக, எவ்வளவு எளிய படமாயினும் அதன் பின்னே ஒருவருடைய சிந்தனையும் உழைப்பும் இருக்கின்றன என்பது தெளிவு.

அடுத்து, சிறுபடங்களைத் தொகுதியாகக் கொள்வது ஏன் என்பதைக் காண்போம். ஒரு செயலிக்கு இருபதோ முப்பதோ படங்கள் தேவைப்படும். அவற்றை இருபது இடங்களிலிருந்து திரட்டினால், ஒன்றில் கோடு தடித்திருக்கும், மற்றொன்றில் மெலிந்திருக்கும், ஒன்றின் மூலை வளைந்திருக்கும், மற்றொன்றின் மூலை கூர்மையாயிருக்கும். பல வீட்டுப் பாத்திரங்களைக் கொண்டு ஒரு பந்தியில் பரிமாறுவது போன்ற தோற்றமே அதனால் விளையும். தொகுதியிலோ எல்லாப் படங்களும் ஒரே அளவுச் சட்டத்துக்குள், பெரும்பாலும் பக்கத்துக்கு 24 அலகு கொண்ட சதுரத்துக்குள், ஒரே கோட்டுப் பருமனில் அமைந்திருக்கும். மேலும், இக்காலத் தொகுதிகள் எஸ்.வி.ஜி. என்னும் வடிவத்தில் கிடைக்கின்றன. இவ்வடிவில் படம் புள்ளிகளாக அன்றிக் கோடுகளின் கணக்காகவே பதிவாகிறது. ஆதலின் எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் சிதையாது.

இனி ஓர் எடுத்துக்காட்டை மனத்திற் கொள்வோம். பெங்களூரில் உணவு விடுதி நடத்தும் தமிழர் ஒருவர், வீடுகளுக்குச் சாப்பாடு அனுப்புவதற்கெனச் செயலி ஒன்று அமைக்க விரும்புகிறார். வாடிக்கையாளர்களுள் கன்னடம் பேசுவோர் உளர். இந்தி பேசுவோர் உளர். உணவு கொண்டுசெல்லும் பணியாளர்களுள் வடகிழக்கிலிருந்து வந்தோரும் உளர். எல்லோர்க்கும் விளங்கும் மொழியாகச் சிறுபடமே அவருக்குக் கைகொடுக்கிறது. அவருக்குச் செயலி அமைத்துத் தரும் இளைஞர், இணையத் தேடலில் முதலில் தென்பட்ட படங்களை அப்படியே எடுத்து இடுகிறார். இங்கேதான் இடர் தொடங்குகிறது.

தேடலில் கிடைக்கும் படம் தெருவில் கிடந்த பொருள் அன்று. நம் நாட்டின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வரைபடம் எதனையும் கலைப் படைப்பாகவே கருதுகிறது. அதற்குக் கலைச் சிறப்பு இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. வரைந்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது; பதிவு செய்தல் கட்டாயமன்று. அவ்வுரிமை வரைந்தவரின் ஆயுட்காலம் முழுவதும் நிலைத்து, அவர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் தொடர்கிறது. வெளிநாட்டார் வரைந்த படமாயினும் பெர்ன் உடன்படிக்கையின் வழியே இங்கும் காப்புப் பெறுகிறது. உரிமையாளர் முறையிட்டால், செயலிகளை வழங்கும் இணையக் கடைகள் அச்செயலியை நீக்கிவிடக்கூடும். நம் விடுதிக்காரரின் வாடிக்கையாளர்கள் ஒருநாட் காலை செயலியைக் காணாமல் வேறு கடையை நாடிவிடுவர். ஒரு படத்தின் பொருட்டு ஒரு தொழிலே தடுமாறும்.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? உரிமத்தை அறிந்து பயன்படுத்துவதே வழி. உரிமம் என்பது வாடகை ஒப்பந்தம் போன்றது. பிற ஊரில் குடியிருக்கும் நம்மில் பலர் பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டவரே. வீட்டில் வாழலாம், சுவரை இடிக்கலாகாது, உள்வாடகைக்கு விடலாகாது என்று அதில் எழுதியிருக்கும். வீடு நம் கையில் இருப்பினும் உடைமை வீட்டுக்காரருடையதே. அவ்வாறே சிறுபடம் நம் செயலியில் இருப்பினும் உரிமை வரைந்தவருடையதே; எதைச் செய்யலாம், எதைச் செய்யலாகாது என்று உரைப்பதே உரிமம். காசு கேளாமல் தரப்படும் படத்துக்கும் இது பொருந்தும். விலையில்லை என்பது வேறு. நிபந்தனையில்லை என்பது வேறு.

பெருவழக்கான உரிமங்களைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலாவது, கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் அமைப்பு 2002ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் பொது உரிமங்கள். இவற்றைச் சில குறுக்கெழுத்துகளால் அறியலாம். பி.ஒய். என்றிருப்பின், வரைந்தவர் பெயரையும் உரிமத்தின் பெயரையும் குறித்தல் வேண்டும். மாற்றம் செய்திருந்தால் அதனையும் கூறுதல் வேண்டும். என்.சி. என்று சேர்ந்திருப்பின், வணிக நோக்குக்குப் பயன்படுத்தலாகாது. ஆதலின் நம் விடுதிக்காரருக்கு அது உதவாது. என்.டி. என்றிருப்பின், படத்தை மாற்றியமைத்து வெளியிடலாகாது. எஸ்.ஏ. என்றிருப்பின், மாற்றியமைத்த படத்தையும் அதே உரிமத்தின் கீழ்ப் பிறருக்கு வழங்குதல் வேண்டும். சி.சி. பூச்சியம் என்பது, வரைந்தவர் சட்டம் இடங்கொடுக்கும் அளவுக்குத் தம் உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்ததைக் குறிக்கும்.

இரண்டாவது, கணிப்பொறி நிரல்களுக்கென எழுந்து சிறுபடங்களுக்கும் வழங்கும் உரிமங்கள். எம்.ஐ.டி. உரிமம் மிகச் சுருக்கமானது. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் உரிமையாளர் அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் உடன் வைத்திருத்தல் வேண்டும். ஃபெதர், டேப்ளர் முதலிய தொகுதிகள் இவ்வுரிமத்தில் கிடைக்கின்றன. கூகுள் நிறுவனம் 2014இல் வெளியிட்ட மெட்டீரியல் தொகுதி, தொடக்கத்தில் கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய். உரிமத்தில் இருந்து, பின்னர் அப்பாச்சி 2.0 உரிமத்துக்கு மாறியது. ஒரே தொகுதியின் உரிமமும் காலப்போக்கில் மாறக்கூடும் என்பதற்கு இது சான்று. ஆதலின், நாம் எடுத்த நாளில் இருந்த உரிமத்தின் படியைச் சேமித்து வைத்தல் நலம்.

ஒரே தொகுதிக்குள் மூன்று உரிமங்கள் இருத்தலும் உண்டு. 2012இல் டேவ் கேண்டி தொடங்கிய ஃபான்ட் ஆசம் என்னும் தொகுதியின் இலவசப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அதன் படங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய். 4.0 உரிமத்திலும், எழுத்துரு வடிவம் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்திலும், நிரற்பகுதி எம்.ஐ.டி. உரிமத்திலும் அமைந்துள்ளன. பெயர்க்குறிப்பு அக்கோப்புகளுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் செயலி அமைப்போர் கோப்பின் எடையைக் குறைக்கும் கருவிகளைப் பயன்படுத்தும்போது அக்குறிப்பு அழிந்துபோவதுண்டு. அறியாமலே நிபந்தனை மீறப்படுகிறது. இதனைத் தவிர்க்க, செயலியின் ‘எங்களைப் பற்றி’ என்னும் பக்கத்தில் ‘படங்களும் உரிமமும்’ என்றொரு பகுதியை அமைத்து, தொகுதியின் பெயர், வரைந்தவர், உரிமம், செய்த மாற்றம் ஆகியவற்றை நான்கு வரிகளில் எழுதிவிடலாம். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

பிழை நேர்ந்துவிட்டால் திருத்திக்கொள்ளவும் சில உரிமங்களில் வழியுண்டு. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்களின்படி, நிபந்தனையை மீறியவருக்கு உரிமம் அற்றுப்போகும். எனினும் மீறியதை அறிந்த 30 நாட்களுக்குள் சரிசெய்துவிட்டால், அது தானே மீண்டும் உயிர்பெறும். ஆகவே குறை தெரிந்த அன்றே திருத்துதல் அறிவுடைமை.

மூன்றாவது, ஒரு தளத்துக்கு மட்டும் உரிய உரிமம். ஆப்பிள் நிறுவனம் 2019இல் எஸ்.எஃப். சிம்பல்ஸ் என்னும் பெருந்தொகுதியை வெளியிட்டது. காண்பதற்கு இனியது, காசும் இல்லை. ஆனால் ஆப்பிள் நிறுவனத்தின் இயங்குதளங்களில் ஓடும் மென்பொருள்களுக்கே அது உரியது. ஆண்ட்ராய்டு கைப்பேசிக்கான செயலியில் அதனை இடலாகாது. செயலியின் முகப்புச் சின்னமாகவோ நிறுவனத்தின் முத்திரையாகவோ கொள்ளவும் கூடாது. ஐஃபோனுக்கு அமைத்த செயலியை அவ்வாறே ஆண்ட்ராய்டுக்கும் பெயர்க்கும்போது இத்தவறு எளிதில் நேரும்.

நான்காவது, விலைகொடுத்துப் பெறும் உரிமம். விலை கொடுத்ததனாலேயே படம் நமதாகிவிட்டது என்று கருதலாகாது. எத்தனை செயலிகளுக்குப் பயன்படுத்தலாம், எத்தனை பேர் கையாளலாம், முத்திரையாகக் கொள்ளலாமா, சந்தா நின்றபின் என்ன ஆகும் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே பணம் செலுத்த வேண்டும். செயலியமைத்துத் தருபவரின் பெயரில் வாங்கிய உரிமம் கடைக்காரரைச் சேருமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

இனி, ஓவியர் ஒருவரைக் கொண்டே வரைவித்துக்கொள்வதைப் பற்றி. மாதச் சம்பளம் பெறும் பணியாளர் தம் பணியின் பகுதியாக வரைந்தால், வேறு உடன்பாடு இல்லாதவரை, உரிமை நிறுவனத்தாருடையது. வெளியிலுள்ள ஓவியரிடம் வரைவித்தால், உரிமையை எழுத்து மூலம் கையொப்பத்துடன் பெறுதல் வேண்டும், வாய்ச்சொல் போதாது. இதில் இரு நுட்பங்களைப் பலர் அறியார். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எத்தனை ஆண்டுக்கென்று ஒப்பந்தத்தில் குறிக்கப்படாவிடின், அது 5 ஆண்டுக்கே எனக் கொள்ளப்படும். எந்நாட்டுக்கென்று குறிக்கப்படாவிடின், இந்தியாவுக்கு மட்டுமே எனக் கொள்ளப்படும். நம் விடுதிக்காரர் நாளை சிங்கப்பூரிலும் துபாயிலும் கிளை திறந்தால், அங்கே அப்படங்களைப் பயன்படுத்தும் உரிமை அவருக்கு இராது. ‘உலகம் முழுவதும்’, ‘பதிப்புரிமைக் காலம் முழுவதும்’ என்னும் சொற்களை ஒப்பந்தத்தில் சேர்த்துவிட்டால் இவ்விடர் நீங்கும்.

எவ்வுரிமம் பெற்றாலும் கைவைக்கலாகாத படங்களும் உண்டு. தொகுதியில் இருக்கிறது என்பதாலேயே எடுத்து இடலாகாதவை அவை. மருத்துவ உதவியைக் குறிக்க வெண்மைப் பின்னணியில் செஞ்சிலுவையை இடும் வழக்கம் பரவலாகக் காணப்படுகிறது. ஆனால் 1960ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டத்தின்படி, மைய அரசின் இசைவின்றி அச்சின்னத்தைப் பயன்படுத்துதல் கூடாது. போர்க்களத்தில் காயமுற்றோரையும் மருத்துவரையும் காக்கும் அடையாளம் அது. கண்ட இடத்தில் இட்டு அதன் மதிப்பைக் குறைத்தல் தகாது. மருந்துக் கடைச் செயலிக்கு வேறு நிறத்துக் குறியையோ மாத்திரையின் படத்தையோ கொள்ளலாம். அசோகச் சிங்க முத்திரையைக் காக்க 2005ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியே உள்ளது. அரசுத் திட்டங்களை விளக்கும் தனியார் செயலியில் அதனை இடுதல் முறையன்று. பிற நிறுவனங்களின் முத்திரைகள் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்துக்கு உட்பட்டவை. அந்நிறுவனத்தார் வகுத்த விதிகளின்படியே அவற்றைக் காட்ட வேண்டும்.

உணவுத் தொழிலுக்கு உரிய மற்றொன்றும் உண்டு. சிப்பமிட்ட உணவில் சைவத்தைக் குறிப்பது பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவத்தைக் குறிக்க முன்னர்ப் பழுப்பு வட்டம் இருந்தது. 2020ஆம் ஆண்டு விதிகள் அதனைப் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணமாக மாற்றின. நிறம் பிரித்தறிய இயலாதவர்க்கும் வடிவத்தால் வேறுபாடு புலப்படும் என்பது இதன் சிறப்பு. தொகுதியில் கண்ட ஏதோ ஒரு பச்சைப் புள்ளியை இதற்கு மாற்றாக இடுதல் வாடிக்கையாளரை மயங்கச் செய்யும்.

உரிமம் சரியாயிருந்தால் மட்டும் போதாது. படம் விளங்கவும் வேண்டும். தனித்து நின்று எல்லோர்க்கும் விளங்கும் படங்கள் மிகச் சிலவே. ஆகவே படத்தின் கீழ்ச் சிறு சொல்லொன்றையும், வாடிக்கையாளர் விரும்பும் மொழியில், இடுதல் நன்று. விரல் தவறாமல் தொடுவதற்கு ஆண்ட்ராய்டில் 48 அலகும், ஐஃபோனில் 44 அலகும் கொண்ட இடம் வேண்டும் என்பது அவ்விரு தளங்களின் வழிகாட்டுரை. ஹைதராபாத்திலோ லக்னோவிலோ உருது மொழியிலும் செயலி வழங்குவதாயின், அம்மொழி வலமிருந்து இடமாகச் செல்லுதலின், முன்செல்லும் அம்புக்குறியும் திசை மாறல் வேண்டும். கண்பார்வையற்றோர் கைப்பேசி உரக்கப் படிப்பதைக் கேட்டே செயலியைக் கையாளுகின்றனர். ஆதலின் ஒவ்வொரு படத்துக்கும் மறைவாக ஒரு பெயரை எழுதிவைத்தல் கடமையாகும்.

இவை யாவற்றையும் நினைவிற் கொள்ளுதல் அரிதாயின், ஒரு கணக்கேடு போதும். படத்தின் பெயர், தொகுதி, வரைந்தவர், உரிமம், எடுத்த நாள், செய்த மாற்றம் என ஆறு பத்திகள். கடையின் வரவு செலவை அன்றன்று எழுதுவது போல் இதனையும் எழுதிவந்தால், என்றேனும் ஒருவர் வினவும்போது தயக்கமின்றி விடை கூறலாம்.

இறுதியாக ஒன்று. உலகப் பெருந்தொகுதிகளில் காப்பிக் கோப்பை எளிதில் கிடைக்கும். டபராவும் டம்ளரும் தேடினாலும் கிடைப்பது அரிது. ரொட்டி கிடைக்கும்; இட்டலிக் கொப்பரை கிடைப்பது அரிது. நமக்கு வேண்டிய படங்களை நாமே வரைய வேண்டியிருக்கிறது. வெளிமாநிலத்தில் வாழும் தமிழ் இளைஞர் ஒருவர் அவற்றை வரைந்து, தமக்கு உகந்த உரிமத்தைத் தேர்ந்து வெளியிட்டால், இதுவரை நாம் கூறிய காப்பு அனைத்தும் அவருக்கும் உரியதாகும். பிறர் உழைப்பை மதித்துப் பெயர் குறிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றினால், நம்மவர் உழைப்பின்மேலும் அவர்தம் பெயர் நின்று விளங்கும்.